கணக்குக் கெட்டிக்காரப் பிள்ளையளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல, மார்க்ஸை மட்டும் பாத்து முடிவெடுக்காதேங்கோ. இஞ்ச யாழ்ப்பாணத்தில ரியூசனுக்குப் போய் பாஸ்ட் பேப்பர் செய்து செய்து 95 எடுக்கிற பிள்ளையள் கனக்க, அது உழைப்பு, நல்ல விசயம்தான், ஆனா கணக்கு மூளை வேற. இப்பிடி ஒண்டு கேட்டுப் பாருங்கோ: 37 ரீம் நொக்கவுட் கிரிக்கெட் விளையாடினா மொத்தம் எத்தினை மச்? கனபேர் ரவுண்ட் ரவுண்டாக் கூட்டுவினம். ஆறாம் வகுப்புப் பெட்டை ஒண்டு பேனையே தொடாமச் சொல்லிச்சுது, "ஒரு மச்சில ஒரு ரீம்தானே சேர் வெளிய போகும், 36 ரீம் போகோணும், அப்ப 36 மச்". அப்பிடிப் பிள்ளையை விட்டிடாதேங்கோ!

பிறகு மேல்வகுப்புப் பாடத்தை அவசரமாத் திணிக்க வேண்டாம், கஷ்டமான கணக்கு ஒண்டைக் குடுத்து ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ, விடையைச் சொல்லாம "ஏன்?" எண்டு மட்டும் கேளுங்கோ. சர்வதேச கணித ஒலிம்பியாட் எண்டு பள்ளிப் பிள்ளையளுக்கு நடக்கிற கணக்குப் போட்டியில ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலம், மூண்டே மூண்டு கேள்விதான், அவ்வளவு பொறுமை வேணும். பழைய கேள்வியள் நெட்டில சும்மா கிடக்கு. ரெண்டு மூண்டு பேர் சேந்தா சனிக்கிழமையில ஒரு வீட்டு விறாந்தையில இருத்தி ஆளையாள் மடக்க விடுங்கோ. தாய் தேப்பனோடயும் கதையுங்கோ, பெட்டைப்பிள்ளையெண்டா கட்டாயம் கதையுங்கோ.