சொந்த சைட்ல ஸ்டாக் போட்டோ விக்கப் போறீங்களா, முதல்ல ஒரிஜினலை ஒளிச்சு வைங்க

ஸ்டாக் போட்டோ, அதாவது முன்கூட்டியே எடுத்து வெச்சு, காசு கட்டறவங்க உபயோகிக்கற படம், அதை ஏஜென்சில போட்டு விக்கற எல்லாருக்கும் ஒரு நாள் இந்த எண்ணம் வரும், நாமளே ஒரு சைட் போட்டுட்டா முழு காசும் நமக்குத்தானேன்னு. கணக்கு என்னவோ சரிதான், ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன்ல கொண்டுவந்த முறைல நம்ம பங்கு 15 சதவீதத்துல ஆரம்பிச்சு 40 வரைக்கும் படிப்படியா ஏறணும், ஜனவரி வந்தா எல்லாரும் மறுபடியும் அடிப்படிக்கு. அடோபி ஸ்டாக்ல போட்டோவுக்கு 33 சதவீதம். ஆனா மீதியை அவங்க சும்மா எடுத்துக்கல, வாங்கற ஆளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது அவங்கதான். சொந்த சைட்ல அந்த வேலையும் உங்க தலைல.

அதனால எடுத்ததையெல்லாம் கொட்டாதீங்க. சூரிய அஸ்தமனமும் லேப்டாப் முன்னாடி சிரிக்கற ஆளும் ஏஜென்சிங்க கிட்ட மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, அதுக்கு யாரும் உங்க கிட்ட வரப்போறதில்ல. நான் ஒர்க்‌ஷாப் போட்டோ மட்டும்தான் வெச்சிருக்கேன், லேத், மில்லிங், வெல்டிங் அவ்வளவுதான். வாங்கறது யாருன்னா சேஃப்டி ட்ரெயினிங் மெட்டீரியல் பண்றவங்க, மெஷின் மேனுவல் டிசைன் பண்றவங்க. அவங்களுக்கு படம் அழகா இருந்தா மட்டும் போதாது, தப்பில்லாம இருக்கணும். சால்டரிங் அயர்னை சூடான பக்கத்துல பிடிச்சுட்டு போஸ் குடுக்கற ஸ்டாக் போட்டோ பார்த்திருப்பீங்களே, அதை ட்ரெயினிங் புக்ல போட முடியுமா? ஆங்கிள் கிரைண்டர்ல தீப்பொறி பறக்கறதை வெல்டிங்னு போட்டு விக்கறவங்களும் இருக்காங்க. நான் தலைப்புலயே டிக் வெல்டிங்கா மிக் வெல்டிங்கான்னு எழுதிடுவேன். டிக்னா ஒரு கைல டார்ச், இன்னொரு கைல ஃபில்லர் கம்பி இருக்குன்னு விவரத்துலயும் போடுவேன், ஏன்னா தேடறவர் அப்படித்தான் தேடறாரு. உங்களுக்கு எந்த சப்ஜெக்ட் உள்ளும் புறமும் தெரியுமோ அதை எடுங்க.

சைட்டுக்கு வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ்ங்கற கடை ப்ளகின் போட்டாலே போதும், இல்லேன்னா ஈஸி டிஜிட்டல் டவுன்லோட்ஸ். டெக்னிக்கல் தலைவலியே வேண்டாம்னா ஸ்மக்மக், போட்டோஷெல்டர் மாதிரி இடத்துல வாடகை கட்டி வெச்சுக்கலாம், அதுவும் நல்ல வழிதான்.

வேர்ட்பிரஸ்னா இதை கவனமா படிங்க, நான் அடி வாங்கின இடம். ஆரம்பத்துல முழு சைஸ் ஃபைலை அப்படியே மீடியா லைப்ரரில ஏத்திட்டேன், சைட்ல தெரியறது சின்ன படம்தானே, வாட்டர்மார்க் வேற இருக்கேன்னு தைரியம். வேர்ட்பிரஸ் 5.3ல இருந்து 2560 பிக்சலுக்கு மேல இருக்கற ஜேபெக் படத்தை ஏத்தினா அதுவே சின்னதாக்கி, ஃபைல் பேர் கடைசில ஒரு கோடு போட்டு ஸ்கேல்டுன்னு ஒட்டு சேர்த்து வெச்சுக்கும். ஒரிஜினலை அழிக்காது, அதே ஃபோல்டர்ல பக்கத்துலயே கிடக்கும். அட்ரஸ் பார்ல அந்த ஒட்டை மட்டும் அழிச்சுட்டு என்டர் தட்டினா முழு சைஸ் படம், வாட்டர்மார்க் இல்லாம, ஓசில. ஒரு புண்ணியவான் மெயில் போட்டு சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும். அதுக்கு முன்னாடி எத்தனை பேர் எடுத்துட்டுப் போனாங்களோ.

ஆகவே மீடியா லைப்ரரிக்கு 1000, 1200 பிக்சல்ல வாட்டர்மார்க் போட்ட ப்ரிவியூ மட்டும்தான் போகணும். ஒரிஜினலை வூகாமர்ஸ் டவுன்லோட் ஃபைலா ஏத்தினா அதுக்குன்னு தனி ஃபோல்டர் இருக்கு, அதை பூட்டறது எச்டிஆக்சஸ்ங்கற செட்டிங் ஃபைல், ஆனா அந்த பூட்டு அப்பாச்சி மாதிரி சர்வர் சாஃப்ட்வேர்லதான் வேலை செய்யும். உங்க ஹோஸ்டிங்ல என்ஜின்எக்ஸ்ங்கற சர்வர் ஓடுதுன்னா அது அந்த ஃபைலை திரும்பிக்கூட பார்க்காது, கதவு திறந்தேதான் இருக்கும், ஹோஸ்டிங்காரங்க கிட்ட சொல்லி தனியா ரூல் போட வைங்க. நான் இப்ப எல்லாத்தையும் அமேசான் எஸ்3ங்கற ஆன்லைன் ஸ்டோரேஜ்ல, வெளிஆள் திறக்க முடியாத ப்ரைவேட் பக்கெட்ல போட்டுட்டு, காசு வந்ததும் கொஞ்ச நேரத்துல காலாவதி ஆகற லிங்க் போற மாதிரி வெச்சிருக்கேன்.

வாட்டர்மார்க்கை அழிக்கறது கஷ்டமா இருக்கணும், ஆனா படத்தையே மறைக்கக் கூடாது, டிசைனர் முதல்ல ப்ரிவியூவை லேஅவுட்ல வெச்சுப் பார்த்துட்டுத்தான் மேனேஜர்கிட்ட ஓகே வாங்குவாரு. ப்ரிவியூ எஸ்ஆர்ஜிபிங்கற கலர் ஸ்பேஸ்ல இருக்கட்டும், அடோபி ஆர்ஜிபில விட்டா சில இடத்துல கலர் செத்துப் போன மாதிரி தெரியும்.

ஐபிடிசி, அதாவது படத்தோட ஃபைலுக்குள்ளயே பதியற தகவலை லைட்ரூம்லயே நிரப்பிடுங்க, தலைப்பு, கீவேர்டு, காப்பிரைட், முக்கியமா உங்க லைசென்ஸ் பக்கத்தோட லிங்க். கூகுள் இமேஜஸ்ல 2020 ஆகஸ்ட்ல இருந்து லைசென்ஸ் கிடைக்கும்னு காட்டற ஒரு பேட்ஜ் இருக்கு, இந்த லிங்க்கை வெச்சுத்தான் அது வரும். ஆனா படத்தை சின்னதாக்கற ப்ளகின் பல நேரம் இந்த தகவலை எல்லாம் வழிச்சு எறிஞ்சிடும், அதனால ஏத்தின பிறகு சைட்ல இருந்தே ஒரு படத்தை இறக்கி உள்ள இன்னும் இருக்கான்னு பாருங்க.

லைசென்ஸை புரியற மாதிரி எழுதுங்க. நான் ராயல்டி ஃப்ரீதான், ஒரு தடவை காசு கட்டினா திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம், பிரிண்ட்டுக்கு ஏஜென்சிங்க வெக்கற மாதிரியே 5 லட்சம் காப்பி வரைக்கும், டிஷர்ட் மக் மாதிரி பொருள்ல அச்சடிச்சு விக்கணும்னா தனி விலை. முகமூடி போட்ட வெல்டரா இருந்தாலும் மாடல் ரிலீஸ்ல, அதாவது படத்துல இருக்கறவரோட சம்மதப் பத்திரத்துல, கையெழுத்து வாங்கிடுவேன், உடம்புவாகு, டாட்டூ வெச்சே ஆளைக் கண்டுபிடிக்கலாமே. மெஷின் மேல இருக்கற லோகோவையும் அழிச்சிடறேன். ஐஸ்டாக் ஏஜென்சில எக்ஸ்க்ளூசிவ்னு, அதாவது அவங்க மூலமா மட்டும்தான் விப்பேன்னு கையெழுத்து போட்டிருந்தா சொந்த சைட்ல ராயல்டி ஃப்ரீயா விக்கவே முடியாது, ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க. எக்ஸ்க்ளூசிவ் இல்லேன்னாலும் அதே படம் ஏஜென்சில சில்லறைக்கு கிடைச்சா, படத்தை வெச்சே தேடற ரிவர்ஸ் சர்ச் பண்ற ஆள் அங்கதான் போவாரு, சொந்த சைட்டுக்குன்னு தனி படம் வைங்க.

பணம் வாங்க ஸ்ட்ரைப், பேபால் போதும். வரிதான் இழுக்கும், ஐரோப்பிய யூனியன்ல தனி ஆள் வாங்கற டிஜிட்டல் பொருளுக்கு 2015ல இருந்து வாங்கறவர் நாட்டு வாட் வரிதான் கணக்கு. அதை நாமளே பார்க்க முடியாதுன்னா பேடில் மாதிரி, அவங்களே விக்கறவங்களா நின்னு வரியும் கட்டற சர்வீஸ் இருக்கு, கமிஷன் கொஞ்சம் கூட.

திறக்கறதுக்கு முன்னாடி இன்காக்னிட்டோ விண்டோல, உங்க அக்கவுண்ட் இல்லாம, நிஜமா காசு கட்டி ஒரு படம் வாங்கிப் பாருங்க, மொபைல்லயும் ஒரு தடவை. எனக்கு மெயில் ஸ்பாம்ல போய் விழுந்துச்சு, இன்வாய்ஸ்ல கம்பெனி பேர் போட இடமே இல்ல. டவுன்லோட் லாக்கை அழிக்காதீங்க, மூணு மாசம் கழிச்சு ஒருத்தர் கார்டு கம்பெனில நான் வாங்கவே இல்லன்னு புகார் குடுத்தா எந்த ஐபில, எத்தனை மணிக்கு இறக்கினாருன்னு எடுத்து நீட்டலாம்.