100 ஆக்டேன் போட்டும் போகாத மந்தம்

எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கெட்டை மாற்றி வந்ததிலிருந்து கார் பெங்களூரு ஹெப்பாள் மேம்பாலத்தில் திணறியது. 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டேன், பர்ஸ்தான் இளைத்தது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியும் பயனில்லை.

அல்சூரில் நம்மூர் மெக்கானிக் ஒருவர் ஸ்கேனரை மாட்டி ஓட்டச் சொன்னார். எந்தப் பெட்ரோலிலும் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பல டிகிரி பின்தங்கியே நின்றது. ஆக்டேன் கூடினால் பெட்ரோல் தானாக வெடிக்கும் 'நாக்கிங்' குறையும். நாக்கிங் இல்லையென்றால் காரின் கணினி தீப்பொறியை முன்னதாக விட்டு இழுவையைக் கூட்டும். இங்கே என் காதுக்கு நாக்கிங் கேட்கவே இல்லை. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்று மெலிந்து நாக்கிங் குறையத்தான் வேண்டும்.

"அண்ணே, வண்டிக்கு நோய் இல்லை, காதில்தான் கோளாறு" என்று நாக் சென்சாரைக் கழற்றினார். போல்ட் தலைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர்! கேஸ்கெட் வேலையில் யாரோ செருகி, கைபோன போக்கில் இறுக்கியிருந்தார்கள். இந்தச் சென்சார் அதிர்வைக் கேட்பது; வாஷரும் கண்டபடியான இறுக்கமும் அதன் கணக்கைக் கெடுத்துவிடும். இல்லாத நாக்கிங்கை இருப்பதாக நினைத்துக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தியிருக்கிறது.

வாஷரை எறிந்து, எஞ்சின் பிளாக்கில் சென்சார் உட்காரும் இடத்தைத் துடைத்து, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரென்ச்சில் 20 நியூட்டன் மீட்டர் வைத்தார். கணினியில் பதிந்திருந்த பழைய திருத்தங்களையும் அழித்தார். டைமிங் அன்றே முன்னேறியது. இப்போது சாதாரண பெட்ரோல்தான்.