வீட்டு வைஃபையில் கமெரா பூட்டுவது எப்படி? யாழ்ப்பாண வீடுகளுக்கான செய்முறை

பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, பெரிய வளவையும் வீட்டையும் அம்மாவும் அப்பாவும் தனியே பார்த்துக்கொள்ளும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். படலையடியில் நிற்பது யார் என்று விறாந்தைக்கு வராமலே பார்க்க ஒரு வைஃபை கமெரா போதும். அதை நீங்களே பூட்டலாம். ஆனால் ஏணியை எடுத்துச் சுவரில் துளை போடுவது கடைசி வேலை. அதற்கு முன் நெட்வேர்க் சரியாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வெளியே பூட்டுவதென்றால் பெட்டியில் ஐபி65 அல்லது ஐபி66 (தூசும் மழைத் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான குறி) என்று இருக்க வேண்டும். மெமரி கார்ட் போட இடம் வேண்டும். பிற்காலத்தில் வேறு கம்பனியின் பதிவுப் பெட்டியோடு இணைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்விஃப் வசதி உள்ளதா என்று கேளுங்கள். வயர்லெஸ் என்று எழுதியிருந்தாலும், பற்றரியில் ஓடும் வகையைத் தவிர மற்றவற்றுக்கு மின்வயர் தேவை. பிளக் எங்கே இருக்கிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

ரவுட்டரைத் தயார்செய்தல்

கமெரா இணையவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. இன்றைய ரவுட்டர்கள் பல 2.4, 5 ஜிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. விலை குறைந்த கமெராக்களில் பெரும்பாலானவை 2.4ஐ மட்டுமே பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் 5இல் நிற்கும், கமெரா 2.4ஐத் தேடும், இணைப்பு நடக்காமல் போகலாம்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. போனின் பிரவுசரில் அதை அடித்து உள்ளே போய், 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஆக இருக்கட்டும். அயல்வீட்டு வைஃபைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் சானலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள். இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

மேசையில் வைத்து இணைத்தல்

கமெராவை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் கரண்ட் கொடுங்கள். கையேட்டில் சொன்ன செயலியை இறக்கி, போனை அந்த 2.4 வைஃபையில் போடுங்கள். மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். கமெரா விளக்கு மினுங்கும்போது செயலியில் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஒரு கியூஆர் கோட் வரும். அதைக் கமெராவின் கண்ணுக்கு முன் ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். சில வகைகளில் கமெராவின் மேல் உள்ள கியூஆர் கோட் ஒன்றை உங்கள் போன் மூலம் படம்பிடிக்க வேண்டியிருக்கும். விளக்கு மினுங்காவிட்டால் ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துத் திரும்பத் தொடங்குங்கள்.

படம் வந்தவுடன் நேரவலயத்தைக் கொழும்பு, +5:30 என்று வைத்து, மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் செய்துவிடுங்கள்.

கடவுச்சொல்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீம்பொருள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது பயன்படுத்திய வழி மிக எளிது: தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. கமெரா, செயலிக் கணக்கு, ரவுட்டர் மூன்றுக்கும் வேறுவேறு நீளமான கடவுச்சொல் வையுங்கள். இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) இருந்தால் போடுங்கள். வெளிநாட்டில் இருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணையத்தில் இருந்து நேரே உள்ளே வரும் வழி) திறக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் கேட்காதீர்கள். செயலி வழியாகவே பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் உங்கள் கடவுச்சொல்லை அனுப்பாமல், செயலியில் உள்ள பகிர்வு வசதியில் அவர்களைச் சேருங்கள்.

இடம் பார்த்தல்

பழைய கல்வீடுகளின் தடித்த சுவர் சிக்னலை நன்றாகக் குறைக்கும். உங்கள் கமெரா 5 வோல்ட் யூஎஸ்பியில் ஓடுவதென்றால் ஒரு பவர் பாங்கில் செருகி, பூட்ட நினைக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வீட்டில் இன்னொருவர் மொபைல் டேட்டாவில் பத்து நிமிடம் பார்க்கட்டும். படம் நின்று நின்று வந்தால் ரவுட்டரை யன்னல் பக்கம் நகர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் வைஃபையை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்றை நடுவில், சிக்னல் இன்னும் பலமாக உள்ள இடத்தில் வையுங்கள்.

உயரம் எட்டு முதல் பத்து அடி. காலை வெயில் நேரே விழும் திசை வேண்டாம். கூரை விளிம்போ சுவரோ கண்ணுக்கு மிக அருகில் இருந்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படம் வெளிறிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வயர் வழியே உள்ளே இறங்காதபடி, துளைக்குள் நுழைய முன் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள்.

இன்னொன்று, இதை வலியுறுத்தியே சொல்கிறேன்: பக்கத்து வீட்டுக் கிணற்றடி படத்தில் விழவே கூடாது. அங்கே ஆட்கள் குளிப்பார்கள். கோணத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் செயலியில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறையுங்கள்.

பதிவும் டேட்டாவும்

1080 தரப் படம் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓயாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜிபி. ஆக, 64 ஜிபி கார்ட் மூன்று நாளுக்குள் நிரம்பி, பழையதன் மேல் எழுதத் தொடங்கும். அசைவு வந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் நீண்டநாள் தாங்கும். ஆனால் வேப்பமரமோ வாழையோ காற்றில் ஆடினால் நாள் முழுக்க அறிவிப்பு வரும். அதற்கு அசைவுப் பகுதியைப் படலையும் நடைபாதையும் மட்டும் என்று வரைந்துவிடுங்கள். கார்டில் பதிவதற்கு இணைய டேட்டா செலவாகாது, வெளியில் இருந்து நேரலையாகப் பார்ப்பதற்குத்தான் ஆகும். அதே வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 900 எம்பி அளவு. அளவுள்ள பக்கேஜ் வைத்திருப்பவர்கள் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

கடைசிச் சோதனை

மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடத்தில் திரும்பப் போடுங்கள். கமெரா தானாக வைஃபையில் ஏற வேண்டும், நேரமும் சரியாகக் காட்ட வேண்டும். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் ரவுட்டருக்கும் கமெராவுக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட், கமெரா 5 அல்லது 12. அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே வோல்ட் வெளியீடு உள்ளதையே எடுங்கள்.