இங்கிலாந்தின் சின்ன கால்பந்து மைதானங்களுக்கு நண்பர்களோடு போவது எப்படி?

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் முதல் லீக் டூ வரை நான்கு தட்டுகளில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் 'நான்-லீக்'. நாலைந்து நண்பர்கள் முதல் தடவையாகப் போவதென்றால் ஏழாம் அல்லது எட்டாம் தட்டு ஆட்டத்தைப் பிடியுங்கள். லண்டன் சுற்றுவட்டாரத்தில் அது பெரும்பாலும் இஸ்த்மியன் லீக். கூரை போட்ட ஸ்டாண்ட், டீ பார், கிளப்ஹவுஸ் எல்லாம் இருக்கும். கூட்டம் சில நூறு பேர்தான் என்பதால் வாசலிலேயே டிக்கெட் கிடைக்கும். இன்னும் பல படி கீழே இறங்கினால், கயிறு கட்டிய பூங்காத் திடலில் நின்று பார்க்க நேரிடலாம். இந்தச் சின்னக் கூட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு, தெற்கு லண்டனின் டல்விச் ஹாம்லெட் கிளப். அவர்களுடைய சாம்பியன் ஹில் மைதானத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

தேதி குறிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சனி மாலை 3 மணி, செவ்வாய் இரவு 7:45 என்பது வழக்கமான நேரம். ஆனால் அட்டவணையில் அச்சான தேதியை அப்படியே நம்பக் கூடாது. எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்க) கோப்பை என்ற நாக்-அவுட் போட்டியின் தகுதிச் சுற்றுகள் ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிடும். இரு அணிகளில் ஒன்று அடுத்த சுற்றுக்குப் போய்விட்டால், அந்தச் சனிக்கிழமை லீக் ஆட்டம் வேறொரு வார நாள் இரவுக்குத் தள்ளிப்போகும். நான்-லீக் கிளப்புகளுக்கென்றே நடக்கும் எஃப்.ஏ. டிராஃபி, வாஸ் போட்டிகளாலும் இதே கதைதான். அதனால் பணம் திரும்பக் கிடைக்காத மலிவு ரயில் டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே வாங்கிவைக்காதீர்கள். அதற்குப் பதில் 'குரூப்சேவ்' இருக்கிறது: 3 முதல் 9 பேர் சேர்ந்து நெரிசலற்ற நேரத்தில் பயணித்தால், பல ரயில் நிறுவனங்களில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அன்றைக்கே வாங்கலாம். ஆனால் டிக்கெட்டாக எடுத்தால்தான் தள்ளுபடி. ஆளாளுக்கு வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போனால் முழுக் கட்டணம் போய்விடும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் உறைபனியும் ஆட்டத்தை ரத்து செய்யவைக்கும். அன்று காலை மைதானத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். முடிவு கிளப்பின் எக்ஸ் பக்கத்தில்தான் முதலில் வரும். காலைச் சோதனையில் தப்பிய ஆட்டமும் மதியம் நடுவர் வந்து பார்த்தபின் நின்றுபோவதுண்டு. மாற்றாக, அதே ரயில் பாதையில் செயற்கைப் புல் போட்ட மைதானம் ஒன்றைக் குறித்துவையுங்கள். அங்கே தண்ணீர் தேங்கி ஆட்டம் நிற்பது அபூர்வம். ஐந்தாம் தட்டான நேஷனல் லீக் வரை செயற்கைப் புல்லுக்கு அனுமதி உண்டு, அதற்கு மேலே கிடையாது. 2021-ல் லீக் டூவுக்கு உயர்ந்த சட்டன் யுனைடெட் தன் செயற்கைத் தரையைப் பெயர்த்து இயற்கைப் புல் போட வேண்டியிருந்தது.

வழி தேடும்போது கிளப்பின் பெயரை நம்பாமல் மைதானத்தின் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். தமிழர்கள் நிறைய வாழும் டூட்டிங்கில் இறங்கி டூட்டிங் அண்ட் மிட்சம் மைதானத்தைத் தேடினால் கிடைக்காது. அவர்களுடைய இம்பீரியல் ஃபீல்ட்ஸ் இருப்பது மார்டன் பக்கம். வீல்ட்ஸ்டோன் என்ற ஊரின் பெயரைக் கொண்ட கிளப் ஆடுவது வேறோர் ஊரான ரைஸ்லிப்பில். ரயிலிலிருந்து இறங்கி நடந்தே போகக்கூடிய அழகான மைதானம் வேண்டுமென்றால் லண்டனுக்குத் தெற்கே சசெக்ஸில் உள்ள லூயிஸ் நகரத்து டிரிப்பிங் பேன். பள்ளத்தில் ஆடுகளம், சுற்றிலும் புல்மேடு, நிலையத்திலிருந்து சில நிமிட நடை. 2017-ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே ஊதியம் என்று அறிவித்த லூயிஸ் கிளப்தான் அங்கே ஆடுகிறது. அதற்காகவே ஒருமுறை போகலாம்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். கார்டு வாங்குவார்கள் என்றாலும் ஆளுக்குச் சில பவுண்டு நாணயங்கள் இருக்கட்டும். புரோகிராம் என்ற ஆட்டக் கையேடும், 'கோல்டன் கோல்' சீட்டும் நாணயத்தில்தான் சுலபம். அந்தச் சீட்டில் ஒரு நேரம் அச்சாகியிருக்கும். முதல் கோல் அந்த நேரத்தில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. மேல் ஐந்து தட்டுகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்த 1985-ன் சட்டம் தடை விதிக்கிறது. ஆறாம் தட்டிலிருந்து கீழே அந்தத் தடை இல்லை. பிளாஸ்டிக் கோப்பையோடு ஆடுகள ஓரத்தில் நிற்கலாம். சைவ நண்பர் இருந்தால் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், சில டீ பார்களில் சிப்ஸைத் தவிர வேறெதுவும் இருக்காது. இடைவேளையில் வரிசை நீளும்; 40-ஆவது நிமிடத்திலேயே ஒருவரை அனுப்பிவிடுவது நல்லது.

குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். சிமென்ட் படியில் இரண்டு மணி நேரம் நிற்பதால், தடித்த அடிப்பாகமுள்ள ஷூவும் கம்பளிக் காலுறையும் கோட்டைவிட முக்கியம். குடை பின்னால் நிற்பவர்களுக்கு மறைக்கும், தொப்பி வைத்த மழைக்கோட்டே போதும்.

முதல் பாதியில் உள்ளூர் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்தைத் தடுக்கும் வலை பல இடங்களில் இருக்காது. அங்கே நின்று போனைப் பார்த்தால் முகத்தில் அடி விழும். இடைவேளையில் எல்லோரும் மறுமுனைக்கு நடப்பார்கள், கூடவே போங்கள். ஒரு கால்மணி நேரமாவது மேலாளர்கள் நிற்கும் பக்கம் போய்க் கேளுங்கள். யார் யாரைப் பிடிக்க வேண்டும், யார் பின்வாங்க வேண்டும் என்ற கட்டளைகள் அத்தனையும் காதில் விழும்; கெட்ட வார்த்தைகளும் விழும். குழந்தைகளோடு போனால் எதிர்ப்பக்கமே நில்லுங்கள்.

செவ்வாய் ஆட்டம் முடிய 9:40 ஆகிவிடும், கடைசி ரயிலைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சனிக்கிழமை அந்த அவசரம் இல்லை. கிளப்ஹவுஸில் எல்லோருக்கும் ஒரு சுற்று பானம் வாங்குங்கள், அந்த வருமானம் கிளப்புக்கு நுழைவுச்சீட்டுப் பணம் அளவுக்கே முக்கியம். குளித்துவிட்டு வரும் ஆட்டக்காரர்களும் அங்கேதான் சாப்பிட உட்காருவார்கள். இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று அடித்தவரிடமே கேட்கலாம்.