தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஐ.டி. இயக்குநர் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலோ பெங்களூருவிலோ பத்துப் பதினைந்து வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, டர்பன் பக்கம் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐ.டி. இயக்குநர் பதவிக்கு முயற்சி செய்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்த கிளவுட் சர்டிஃபிகேட் எடுக்கலாம் அண்ணா?’ என்பதுதான். எடுங்கள், நல்லதுதான். ஆனால் இங்கே இயக்குநர்கள் பேர் கெடுவது பெரும்பாலும் காலண்டரிலும், அடுத்தவர் துறையின் தரவிலும், பணத்திலும்தான்.

காலண்டரை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் வளாகம் காலியாகத் தெரியும். புதிதாக வந்தவருக்கு உடனே ஆசை வரும்: மாணவர் பதிவு மென்பொருளை இப்போதே மாற்றிவிடலாமே என்று. வேண்டாம். டிசம்பர் நடுவிலிருந்து நாடே விடுமுறையில் போய்விடும். மென்பொருள் விற்றவர் போனை எடுக்க மாட்டார். ஜனவரியில் மெட்ரிக், அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்பு, முடிவு வந்த கையோடு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் பதிவுப் பக்கத்தைத் திறப்பார்கள். ஒரு நாள் நின்றால்கூட மாணவர் போராட்டம் வாசலுக்கு வந்துவிடும். 2015-16 கட்டணப் போராட்டங்களைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிய மாற்றங்களை ஜூலை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் தேர்வு தொடங்கினால் எதையும் தொடாதீர்கள்.

அடுத்தது தரவு. ‘மாணவர் விவரம் பதிவாளர் அலுவலகத்தின் வேலை, நமக்கு சர்வர் ஓடினால் போதும்’ என்று நினைப்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. ஒரு சின்ன உதாரணம். தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2005இல் பிறந்த பிள்ளையின் எண் 05 என்று தொடங்கும். யாரோ ஒருவர் அந்தக் கோப்பை எக்ஸலில் திறந்து சேமித்தால், முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போய் 12 இலக்கம் ஆகிவிடும். அந்தக் கோப்பு அரசின் மாணவர் உதவித் திட்டமான என்எஸ்ஃபாஸுக்குப் போனால் அந்தப் பிள்ளையின் பெயரோடு பொருந்தாது, உதவித்தொகை நின்றுவிடும். அந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ராண்ட். ஆக, பணம் நின்று போவது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு. இப்போது படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் பணமும் இதே தரவில்தான் தொங்குகிறது. உயர்கல்வித் துறைக்கு அனுப்பும் ஹெமிஸ் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் அரசு மானியம் கணக்கிடப்படுகிறது. அதுவும் இரண்டு வருடம் முந்தைய தரவை வைத்து. இன்றைக்கு ஒரு பாடத்தின் குறியீட்டைத் தப்பாகப் போட்டால், அடி விழுவது இரண்டு வருடம் கழித்து. அப்போது காரணம் தேடினால் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே பதிவாளரோடும் ஹெமிஸ் அதிகாரியோடும் வாரா வாரம் உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கூட்டத்துக்கு உதவியாளரை அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இணைக்கப்பட்ட வரலாறு தெரியாமல் வேகம் காட்டுவதும் ஆபத்து. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் 2004இல் நட்டால் பல்கலைக்கழகமும், இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு வைத்திருந்த டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவானது. அந்த மாதிரி இடத்தில் ‘இந்தப் பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடுங்கள்’ என்று முதல் கூட்டத்திலேயே சொன்னால், நீங்கள் தொடுவது மென்பொருளை மட்டுமல்ல. யார் எந்த வளாகத்திலிருந்து வந்தவர், எதை இழந்தவர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: அலுவலகத்தில் கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று தமிழ் வம்சாவளிப் பெயர்களைப் பார்த்ததும் சொந்தம் கிடைத்த சந்தோஷம் வரும். வரட்டும். அதற்காக அவர்களோடு மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தால், ஜூலு ஊழியர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

பணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் விலை டாலரில், பட்ஜெட் ராண்டில். ராண்ட் சரிந்தால் என்ன செய்வோம் என்பதையும் எழுதி வைத்துத்தான் நிதிக் குழுவுக்குப் போக வேண்டும்.

மின்வெட்டு விஷயத்தில் இப்போது புதிதாக ஒரு தவறு முளைத்திருக்கிறது. 2023தான் மோசமான ஆண்டு. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பெருமளவு ஓய்ந்துவிட்டது. சரி, இனி பேட்டரி, டீசல் செலவைக் குறைக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். கேபிள் திருட்டு ஓயவில்லையே! 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பட்ட பாடும் நினைவில் இருக்கட்டும். வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும், டவுன்ஷிப்பில், அதாவது நகர ஓரத்துக் கறுப்பினக் குடியிருப்பில், இருக்கும் மாணவிக்குக் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். மூன்று மணி நேர வீடியோவை ஏற்றிவிட்டு ‘ஆன்லைன் பாடம் தயார்’ என்று ஆசிரியர்கள் சொன்னால், அது எத்தனை மெகாபைட், அந்தப் பிள்ளையின் டேட்டாவில் எவ்வளவு தின்னும் என்று கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக பொபியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம். சட்டப்படி தகவல் அதிகாரி என்பவர் நிறுவனத் தலைவர், அதாவது துணைவேந்தர். ‘இது கம்ப்யூட்டர் விஷயம்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்மொழியாக உங்கள் தலையில் கட்டுவார்கள். பெருமையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். துணைத் தகவல் அதிகாரியாக நியமித்தால் எழுத்தில் வாங்குங்கள். தரவு கசிந்தால் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் மாணவர்களுக்கும் யார் தெரிவிப்பது என்பதையும் அதே கடிதத்தில் போடச் சொல்லுங்கள்.