ஆங்கில ‘சோக்’ தமிழில் எங்கே ஊறும், எங்கே நனையும்: மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பொருளை ஈரமாக்குவதைச் சொல்லும் வினைகள் ஆங்கிலத்தில் பல உண்டு. அவற்றுள் மொழிபெயர்ப்பாளரை அதிகம் வழுக்கிவிடுவது ‘சோக்’ (soak) என்ற சின்னஞ்சிறு சொல்தான். அகராதியைத் திறந்தால் நனை, ஊறவை, தோய், உறிஞ்சு என்று நான்கைந்து சொற்கள் வரிசையாக நிற்கும். அவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல என்பதை அகராதி சொல்லாது; வரிசையில் முதலாவதாக இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர் பாதி இடங்களில் தவறிவிடுவார். ஆகவே வாக்கியத்தில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் தமிழ்ச்சொல்லைத் தேடத் தொடங்காமல், அங்கே நீர் என்ன செய்கிறது என்பதை முதலில் மனக்கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது நேரம். நனைவதற்கு ஒரு நொடி போதும்; ஊறுவதற்குப் பொழுது வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டில் ‘குளிர்ந்த நீரில் 30 நிமிடம் நனைக்கவும்’ என்று எழுதியிருந்தால், அரை மணி நேரமும் நீரை ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்களோ என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். ‘30 நிமிடம் ஊறவைக்கவும்’ என்று எழுதினால் அந்த ஐயத்துக்கே இடமில்லை. மூலத்தில் நிமிடக் கணக்கோ, ‘இரவு முழுவதும்’ என்பது போன்ற தொடரோ உடன் வந்தால், பெரும்பாலும் ஊறுதலைத்தான் குறிக்கிறது என்று கொள்ளலாம். (இத்தகைய கையேடுகளில் வரும் ‘குளிர்ந்த நீர்’ கூடப் பல வேளைகளில் சூடாக்காத நீரையே குறிக்கும், அதற்குப் பச்சைத் தண்ணீர் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது.)

அடுத்தது, செயல் தானாக நடக்கிறதா, ஒருவர் நடத்துகிறாரா என்பது. விதைகள் நீரில் கிடப்பதற்கும், ஒருவர் விதைகளை நீரில் போட்டுவைப்பதற்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்கிறது. தமிழில் அது செல்லாது. நனைகிறது, நனைக்கிறது என்றும், தோய்கிறது, தோய்க்கிறது என்றும் தன்வினையும் பிறவினையும் ஒரு ககர ஒற்றால் பிரிந்துவிடும். ‘ஊறு’ என்ற வினைக்கு அப்படிப்பட்ட இணை கிடையாது. ஆகையால் அதனோடு வை, போடு, விடு ஆகியவற்றுள் ஒரு துணையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஊறவைப்பது பொதுவான சொல். எழுத்துக்கு மிகவும் ஏற்றது. ஊறப்போடுவது, போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவது. பேச்சின் வாடை கொண்டது. ஊறவிடுவது, ஏற்கெனவே நீரில் இருப்பதை அவசரப்பட்டு எடுக்காமல் இருப்பது. ‘இன்னும் சிறிது நேரம்’ என்ற பொருள் மூலத்தில் இருந்தால், அங்கே ஊறவிடுவதுதான் பொருந்தும்.

இதே இடத்தில் செயப்பாட்டு வினையின் தொல்லையும் வந்து சேரும். நீரில் கிடந்து மென்மையான விதைகளை ‘ஊறவைக்கப்பட்ட விதைகள்’ என்று எழுதுவது ஆங்கிலத்தை அப்படியே சுமந்துவருவதாகும். ‘ஊறிய விதைகள்’ அல்லது ‘ஊறவைத்த விதைகள்’ என்றால் போதும்.

மழை வரும் வாக்கியங்களில் எழுவாயையே மாற்ற வேண்டியிருக்கும். மழை எங்களை நனைத்தது என்று ஆங்கிலம் மழையை எழுவாயாக்கிச் சொல்வதைத் தமிழில் அப்படியே எழுதினால் இலக்கணப் பிழை ஆகாது. ஆனால் கவிதை வரிபோல ஒலிக்கும். சாதாரணச் செய்திக்கு ‘மழையில் நனைந்துவிட்டோம்’ என்பதே இயல்பு. நனைந்த அளவைக் காட்டத் தமிழில் அடைகளுக்குப் பஞ்சமில்லை: தொப்பலாக நனைந்தான், சொட்டச் சொட்ட நனைந்தான். தோல்வரை நனைந்ததாகச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடருக்கு இவற்றுள் எதுவும் சரியாக இருக்கும். ‘தோல்வரை’ என்று எழுதினால் படிப்பவர் ஒரு கணம் திகைப்பார். மழை பெய்து ஓய்ந்த நிலத்தைப் பற்றிய வாக்கியமாக இருந்தால், நனைந்தது என்பதைவிட ‘மண் ஊறிக் கிடந்தது’ அல்லது ‘தரை சொதசொதவென்று இருந்தது’ என்பது காட்சியைத் துல்லியமாகத் தரும்.

நீர் பொருளுக்குள் போகும் திசையைச் சொல்லும் இடங்கள் தனி வகை. பஞ்சு நீரை உள்ளே இழுப்பதைச் சொல்லும்போது உறிஞ்சு என்பதே வினை. சிந்திய மையைத் துணியால் எடுக்கும்போது சற்றுக் கவனம் வேண்டும்: துணி மையை உறிஞ்சுகிறது, மனிதர் மையை ஒற்றி எடுக்கிறார், இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லக்கூடும். ஊற்றிய நீர் மண்ணுக்குள் சென்று மறைவதற்குச் சுவறுதல் என்ற பழைய சொல் இருக்கிறது. பயன்பாடு குறைந்துவிட்டதே என்று தயங்குபவர் ‘மண்ணில் இறங்கியது’ என்று எழுதலாம். செடிக்கு ‘நன்றாகச் சோக் செய்யவும்’ என்ற அறிவுரையைக்கூட ‘வேர்வரை இறங்கும்படி நீர் ஊற்றவும்’ என்று விரித்துச் சொன்னால்தான் தோட்டக்காரருக்குப் பயன்படும்.

தோய் என்ற சொல்லின் ஆட்சி இன்று சுருங்கிவிட்டது. ஆனால் அது நிற்கும் இடத்தில் வேறு சொல் நிற்காது. இரத்தம் தோய்ந்த ஆடை என்பது மாற்ற முடியாதபடி நிலைத்துவிட்ட சொற்சேர்க்கை. இரத்தத்தில் ஊறிய ஆடை என்றால் செய்தியின் தன்மையே மாறிவிடும். கண்ணீர் பட்ட தலையணையோ நனைந்த தலையணைதான். மனித உடம்பைப் பற்றி எழுதும்போது ஊறவைப்பதை நான் தவிர்த்துவிடுவேன். ‘பாதங்களை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைக்கவும்’ என்று மருத்துவக் குறிப்புகளில் காணக் கிடைத்தாலும், பாதம் விதையோ துணியோ அல்லவாதலால் ‘நீரில் வைத்திருக்கவும்’ என்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. குளியல் தொட்டியில் நெடுநேரம் கிடப்பவரை ‘நீரில் அமிழ்ந்திருந்தார்’ என்று சொல்லலாம்.

இதன் அண்டை வினைகளையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் குழப்பம் தீராது. மாய்ஸ்டன் (moisten) என்பது லேசாக ஈரப்படுத்துவது. உதட்டைப் பற்றி வந்தால் ‘நாவால் ஈரப்படுத்தினான்’ எனலாம். டேம்ப் (damp) என்ற பெயரடை சுவரைப் பற்றி வந்தால் ‘ஓதம் ஏறிய சுவர்’ என்பதுதான் உரிய சொல். ஈரமான சுவர் என்றால் யாரோ இப்போதுதான் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். டௌஸ் (douse) என்பது நீரை வாரி இறைப்பது. நெருப்பு உடன் வந்தால் அணைப்பது. டிரெஞ்ச் (drench) என்பது முழுக்க நனைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பழைய ஆங்கிலத்தில் குடித்தலைக் குறிக்கும் வினையின் பிறவினையாக, குடிக்கச் செய்தல் என்ற பொருளில் தோன்றிய சொல். அந்தப் பொருள் கால்நடை மருத்துவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஆட்டை டிரெஞ்ச் செய்வதாக வரும் வாக்கியத்தில் ஆடு நனைவதில்லை, ஆட்டுக்கு வாய்வழியாக மருந்து புகட்டுகிறார்கள். புகட்டு என்ற தமிழ் வினை அந்த இடத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்துவது ஒரு மகிழ்ச்சி.

உருவகமாக வரும் இடங்களில்தான் சுவை அதிகம். பழக்கத்திலோ மரபிலோ ஊறியவரைச் சொல்ல ஆங்கிலம் ஸ்டீப் (steep) என்ற சொல்லை எடுக்கும். நாமும் ஊறியவர் என்றே சொல்கிறோம். எனினும் ஊழலில் ஊறியவர் என்கிறோம், கல்வியில் தோய்ந்தவர் என்கிறோம். தோய்தல் பெரும்பாலும் பாராட்டுக்கே நிற்கிறது. சொன்னதையெல்லாம் பஞ்சுபோல உறிஞ்சும் பிள்ளை, தமிழில் எல்லாவற்றையும் உள்வாங்கிக்கொள்ளும் பிள்ளை. வெயிலை உறிஞ்சிக்கொண்டு கடற்கரையில் கிடக்கும் ஆங்கிலேயரைத் தமிழில் வெயில் காயவைக்க வேண்டும்: ஒருவர் ஊறும் இடத்தில் மற்றவர் காய்கிறார், இரண்டும் ஒரே செயல்தான். ஒரு செய்தி மனத்தில் மெல்ல இறங்குவதைச் சொன்னால் ‘உறைத்தது’ அல்லது ‘பதிந்தது’. அளவுக்கு மீறிப் பணம் வாங்கியதைச் சொன்னால் ‘கறந்துவிட்டார்கள்’. ‘கிழட்டுச் சோக்’ என்று ஒருவரைப் பெயர்ச்சொல்லாகக் குறித்தால், அவர் மொடாக்குடியர்.

பொறியியல் உரைகளில் நீரே இல்லாமல் இந்தச் சொல் வரும்போது திகைக்க வேண்டியதில்லை. உலோகத்தைச் சூடேற்றி, வெப்பம் உட்பகுதிவரை சீராகப் பரவும்வரை அதே வெப்பநிலையில் நிறுத்திவைப்பதையும், ஒரு மென்பொருளை நெடுநேரம் சுமையோடு ஓடவிட்டு நினைவகக் கசிவு போன்ற குறைகள் தலைகாட்டுகின்றனவா என்று பார்ப்பதையும் இந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். முன்னதை ‘வெப்பநிலையில் நிறுத்திவைத்தல்’ என்றும், பின்னதை ‘நெடுநேர ஓட்டச் சோதனை’ என்றும் எழுதலாம். ‘ஊறல் சோதனை’ என்று எழுதினால், படிப்பவர் கணினியை நீரில் போடுவதாக எண்ணக்கூடும்.