கோப்புறை முழுக்க உரிமையும் அனுமதியும் மாற்றுவது எப்படி? அந்தப் பெரிய எக்ஸ்தான் முக்கியம்

சென்ற மழையில் கரண்ட் வந்து வந்து போனதில் என் பழைய கணினி போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. 2006லும் 2018லும் இங்கே கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது அப்பாவும் நானும் எடுத்த படங்கள் அதில்தான் இருக்கின்றன. அடுத்த பூப்பு 2030ல்தான்.

டிஸ்க்கைப் புதிய லினக்ஸில் மாட்டினேன். படங்களைப் பார்க்க முடிந்தது, ஒன்றையும் நகர்த்த முடியவில்லை. டெர்மினலில் எல்எஸ் -எல் (கோப்புகளை விவரத்தோடு பட்டியலிடும் கட்டளை) அடித்தால், உரிமையாளர் இடத்தில் என் பெயருக்குப் பதில் 1001 என்று நின்றது. டிஸ்க்கில் பதிவாவது பெயர் அல்ல, பயனர் எண்தான். பழைய கணினியில் நான் 1001, புதியதில் 1000.

முதலில் உரிமை. பிடபிள்யூடி அடித்து எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு, சி எச் ஓ டபிள்யூ என், அதாவது சௌன்:

சூடோ சௌன் -ஆர் பெயர்:குழு படங்கள்

சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கு என்று பொருள். ஆர் பெரிய எழுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்து மாற்றும். அவ்வளவுதான்.

அப்புறம் அனுமதி, சி எச் எம் ஓ டி. நான் ஒரு மாலை முழுக்கத் திணறியது இங்கேதான். படங்களுக்கு 644 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) போதுமே என்று சூடோ போட்டு -ஆர் 644 கொடுத்தேன். திரும்ப எல்எஸ் -எல் அடித்தால் கோப்புப் பெயர்கள் தெரிகின்றன, அளவு, தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி! படங்களே போய்விட்டன என்று வயிறு கலங்கிவிட்டது. ஒன்றும் போகவில்லை. கோப்புக்கு எக்ஸ் என்றால் இயக்கலாம் என்று பொருள், கோப்புறைக்கு எக்ஸ் என்றால் உள்ளே நுழையலாம் என்று பொருள். 644ல் அந்த எக்ஸ் கோப்புறைகளுக்கும் சேர்ந்து பறிபோய்விடும். சரி, இப்படிக் கொடுங்கள்:

சூடோ சிஎச்மாட் -ஆர் யு=ஆர்டபிள்யூஎக்ஸ்,ஜிஓ=ஆர்எக்ஸ் படங்கள்

இரண்டு எக்ஸும் -ஆரும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சின்னது. பெரிய எக்ஸ் கோப்புறைகளுக்கு வழி திறக்கும், சாதாரணப் படங்களைத் தொடாது. ஏற்கெனவே 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துத் தொலைத்திருந்தால் மட்டும் இது போதாது, அந்தக் கோப்புகளில் எக்ஸ் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். படங்கள் கோப்புறைக்குள் போய் இதை அடியுங்கள்:

ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்செக் சிஎச்மாட் 644 {} +

ஃபைல் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து மாற்றுவதைவிட டெர்மினலையே நான் நம்புவேன், என்ன மாறியது என்று கண்ணெதிரே தெரியும்.

பின்சேர்க்கை: பென் டிரைவில் சௌன் மறுக்கிறது என்று குன்னூர் நண்பர் கேட்டார். அதன் கோப்பு முறைமை (கோப்புகளைச் சேமிக்கும் அமைப்பு) எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருந்தால் உரிமையாளரைப் பதிய அதில் இடமே கிடையாது. மவுன்ட் செய்யும்போதே, அதாவது கணினியோடு இணைக்கும்போதே, யுஐடி=1000 என்று உங்கள் பயனர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.